ஜான் கலார்டி கட்டுரைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மினசோட்டா மாநிலத்தில் காலேஜ்வில் என்ற சிற்றூரில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில், 1953 முதல் 2012 வரை 60 பருவங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜான் கலார்டியைப் பற்றி நான் எழுதிவந்த நெடுங்கட்டுரை சென்ற வாரம் நிறைவுற்றது. உங்கள் உதவி இல்லாமல் அதில் பாதியைக்கூட என்னால் எழுதியிருக்க முடியாது.

முதல் நன்றி, எழுபதுகளில் அவரிடம் ஆடிய என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. அவரிடம் நான் எண்களோடுதான் போனேன்: 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமநிலை, கல்லூரிக் கால்பந்தில் இதைவிட அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் வேறு எவரும் இல்லை. பெரியவர் என் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, வீட்டு முன் புல்தரையில் மல்லாந்து படுத்தார். வானத்தைப் பார்த்தார், பிறகு என் பக்கம் தலையைத் திருப்பி, "இன்று எவ்வளவு நல்ல நாள், இல்லையா?" என்று கேட்டார். அதுவும் ஜான் வகுத்த பயிற்சிகளில் ஒன்றாம். எதிராளியைக் கட்டிப்பிடித்து வீழ்த்தும் டாக்கிள் பயிற்சியில் கிடையாது, விசில் கிடையாது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதும் கிடையாது. 'கோச்' என்று அழைக்கக்கூடாது, ஜான் என்றே அழைக்க வேண்டும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனபோது, இதையெல்லாம் சலுகை என்று அதுவரை எண்ணியிருந்த என் எண்ணம் மாறியது. உடம்பைக் காயமில்லாமல் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் காத்துவைத்து, யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பதை மனத்தில் பதியும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்த கண்டிப்பு அது.

அந்த முறையின் வேரைத் தேடித்தந்த நூலகத்தாருக்கு அடுத்த நன்றி. கொலராடோவின் டிரினிடாடில் 1943இல் பள்ளி அணியின் பயிற்சியாளர் போருக்கு அழைக்கப்பட்டபோது, அணியையே கலைத்துவிட இருந்த நிர்வாகத்திடம் பேசிப் பொறுப்பை ஏற்றவர், அப்போது 16 வயது மாணவராக இருந்த ஜான். தாகத்துக்குத் தண்ணீர் மறுப்பது போன்ற, ஆட்டக்காரனாகத் தான் வெறுத்த வழக்கங்களை அன்றே அவர் நீக்கிவிட்டார் என்பதை அறியாமல் எழுதியிருந்தால், 1949இல் மொன்டானாவின் கேரல் கல்லூரியில் தொடங்கியதாகவே அவர் கதையைச் சொல்லியிருப்பேன்.

2003 நவம்பர் 8 அன்று பெத்தல் அணியை 29-26 என்று வென்று ஜான் 409ஆவது வெற்றியைத் தொட்ட பகுதியைத் திருத்திக் கொடுத்த நண்பருக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். அதுவரை 408 வெற்றிகளோடு முதலிடத்தில் நின்ற பயிற்சியாளர் எடி ராபின்சனை வெறும் முறியடிக்கப்பட்ட எண்ணாக ஒரு வரியில் கடந்துவிட்டேன்; நிறவெறிச் சட்டங்கள் நிலவிய லூசியானாவில், கறுப்பின மாணவர்களுக்கான கிராம்ப்ளிங் கல்லூரியில் 1941இல் பொறுப்பேற்று, 200க்கும் மேற்பட்டோரைத் தொழில்முறை ஆட்டத்துக்கு அனுப்பியவரை அப்படிக் கடக்கலாகாது என்று அந்த நண்பர் எழுதி அனுப்பிய குறிப்பு முற்றிலும் நியாயமானது. அதே 2003 பருவத்தின் தேசிய இறுதிப் போட்டியில், தொடர்ந்து 55 ஆட்டங்களை வென்றிருந்த மவுன்ட் யூனியன் அணியை ஜானின் அணி 24-6 என்று வீழ்த்திய பகுதியையும் அவரே சீர்செய்தார். 'கக்லியார்டி' என்று நான் எழுதியிருந்த பெயரைக் 'கலார்டி' எனத் திருத்தியவரும் அவரே.

அச்செடுத்த முதல் படியைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுத்தேன். தமிழ் அறியாத அவர், 'ஜான்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டச் சொல்லி, பக்கம் பக்கமாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

நன்றியுடன்,
செயின்ட் கிளவுடிலிருந்து