நான் பயப்படுகிற நாளில்

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். மூத்தவளுக்குத் தூத்துக்குடிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது; வாரம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். மற்றச் செய்திகள் நேரில். உன் கடிதத்தின் கடைசிப் பத்தி இரண்டு நாளாக என்னை விடவில்லை.

இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததிலிருந்து உறக்கம் இல்லை என்கிறாய். பயம் இருக்கத்தானே செய்யும்? ஆனால், "ஐம்பது வருடம் ஆலயத்துக்குப் போனவனுக்கு இத்தனை பயம் என்றால், என் விசுவாசம் வெறும் பழக்கம்தானா?" என்று கேட்டிருக்கிறாயே, அதை நான் ஒப்ப மாட்டேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி உன்னிடம் முழுவதும் சொன்னதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். தாமிரபரணி கரை மீறி, திங்கட்கிழமை விடியுமுன் எங்கள் நடுவீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டாரையும் சேர்த்து மொட்டைமாடியில் பதினொரு பேர். பிள்ளைகளுக்காக வேதாகமத்தின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் பல் கிட்டித்துக்கொண்டது. என் மனைவிதான் சொல்லி முடித்தாள்.

தண்ணீர் வடிந்தது; பயம் வடியவில்லை. இரவில் மழைச் சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியைப் பார்ப்பேன். ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்கிறவன் இப்படி இருக்கலாமா என்ற வெட்கத்தில் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம்கூட மறைத்தேன்.

சிறுவயதில் நீயும் நானும் மனப்பாடம் செய்த வசனம்தான் என்னைத் திருப்பியது: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." ஐம்பத்தாறாம் சங்கீதம். காத் ஊரில் பகைவரான பெலிஸ்தர் பிடியில் தாவீது அகப்பட்ட வேளையின் பாட்டு. பயம் தெளிந்த பிறகு நம்புவேன் என்று அவன் சொல்லவில்லை, பார்த்தாயா? அடுத்த வசனத்திலேயே "நான் பயப்படேன்" என்கிறான். இந்த வசனத்திலிருந்து அந்த வசனத்துக்குப் போக எனக்கு மாதங்கள் ஆயின. இன்னும் சில இரவுகளில் திரும்பி வந்துவிடுகிறேன். பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசுவே திகிலடைந்தார் என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் திகிலோடுதான் அவர் பிதாவை நோக்கி ஜெபித்தார். அவர் முன்னால் நீ எதை மறைக்க வேண்டும்?

இப்போது மழை பெய்தால் நான் தனியே வாசலுக்குப் போவதில்லை. அவளை எழுப்பிவிடுகிறேன். அந்த வசனத்தை நான் சொல்வேன், அடுத்ததை அவள் சொல்வாள். பிறகு, தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வந்து எங்களோடு படுக்கச் சொல்கிறோம்.

நீயும் இன்றிரவே மதினியிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடு. மருத்துவரிடம் கேட்க நினைப்பதை எல்லாம் தாளில் எழுதி எடுத்துப் போ. முந்தின நாள் ரயிலில் மதுரைக்கு வந்துவிடுவேன். அறுவை அறைக் கதவுவரை உன் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன். மதினிக்கு உடன்குடிக் கருப்பட்டி எடுத்துவைத்திருக்கிறேன்.

இங்கே தூறல் வலுக்கிறது. அவள் அக்காவை அழைத்துவரப் போயிருக்கிறாள். எழுந்து கதவைத் திறக்க வேண்டும்.

கர்த்தருக்குள் அன்புடன்,
உன் நண்பன்