பராமரிப்புத் திட்டத்தைப் புதுப்பிக்கும் முன் ஒரு புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
வீட்டுப் பராமரிப்புத் திட்டப் பிரிவு.

பொருள்: செய்யாத சர்வீஸும் அதனால் பழுதான வாட்டர் ஹீட்டரும் – திட்டத்தைப் புதுப்பிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் வீட்டுக்கு எடுத்திருக்கும் வருடாந்திரப் பராமரிப்புத் திட்டம் முடியப்போகிறது, பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தியும் அழைப்புமாக வந்துகொண்டிருக்கிறது. கட்டுவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தப் புகாருக்கு நீங்கள் தரும் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். போனில் ஒவ்வொரு முறையும் வேறு ஆள் பேசுவதால், முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுத்திலேயே வைக்கிறேன்.

வாட்டர் ஹீட்டரின் அடியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் புகார் பதிவு செய்தேன். வந்த டெக்னீஷியன் கழற்றிப் பார்த்துவிட்டு, "டேங்க் ஓட்டை விழுந்துவிட்டது, இது தேய்மானம், திட்டத்தில் வராது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கழற்றும்போது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஆனோட் கம்பியில் மக்னீசியம் கொஞ்சம்கூட மிச்சமில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் துருவேறி நீட்டிக்கொண்டிருந்தது. டேங்கின் அடியிலிருந்து சுண்ணாம்புப் படிவம் சில்லு சில்லாகக் கொட்டியது.

அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு டேங்கைக் காப்பாற்றுவதுதான் அந்தக் கம்பியின் வேலை. அது கரைந்து தீர்ந்துவிட்டால் அரிப்பு டேங்கின் இரும்பில் ஆரம்பிக்கும். சாதாரணமாக 3 முதல் 5 வருடம் தாங்குகிற கம்பி, உப்புத் தண்ணீரில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். உங்கள் திட்டத்தின் வேலைப் பட்டியலிலும் "ஆனோட் கம்பி பரிசோதனை, டேங்க் படிவம் நீக்குதல்" என்று இருக்கிறது. போன சர்வீஸ் சீட்டில் இரண்டுக்கும் நேராக டிக் போட்டிருக்கிறது.

ஆனால் அந்த வேலை நடக்கவே இல்லை. கம்பியை எடுக்க வேண்டுமென்றால் மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் வரும் வால்வை அடைத்து, டேங்கை வடிக்க வேண்டும். அன்று வந்தவர் வால்வைத் தொடவே இல்லை. சுவிட்சைப் போட்டு, குழாயில் கைவைத்துச் சூடு வருகிறதா என்று பார்த்தார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே நாளில் அத்தனை வீடுகளை அவர் தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்? ஆனால் பார்த்திருந்தால் ஒரு கம்பியை மாற்றியதோடு முடிந்திருக்கும், இப்போது டேங்கே போய்விட்டது. பராமரிப்பைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதனால் வந்த பழுதைத் தேய்மானம் என்று என் தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

அடுத்தது ஏசி. குளிர் குறைந்ததும் வந்தவர், கேஸ் குறைந்திருக்கிறது, அது திட்டத்தில் சேராது என்று தனியாக பில் போட்டு ஏற்றிவிட்டுப் போனார். ஏசியில் இருக்கும் கேஸ், வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கேஸ் குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டில், குமிழி வருகிறதா என்று கொஞ்சம் சோப்புத் தண்ணீர் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் மறுபடி குளிர் போனது, மறுபடி அதே பில். கசிவைக் கண்டுபிடிப்பது திட்டத்தில் சேருமா என்று கேட்டால், உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சேரும் என்கிறார், இன்னொருவர் அது தனி வேலை என்கிறார்.

ஏசி ஃபில்டரை நானே கழற்றிக் கழுவிவிடுகிறேன். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சில் டெஸ்ட் பட்டனை அழுத்தி, ட்ரிப் ஆகிறதா என்று பார்ப்பதும் நான்தான். இதற்கெல்லாம் திட்டம் தேவையில்லை. ஹீட்டரைத் திறந்து பார்ப்பது, பிரஷர் வால்வு அடைத்திருக்கிறதா என்று சோதிப்பது, மின் போர்டில் தளர்ந்த ஒயர்களை இறுக்குவது போன்ற, என்னால் முடியாத வேலைகளுக்காகத்தான் பணம் கட்டுகிறேன். அவை நடக்கவில்லை என்றால், அதே பணத்தைத் தனியாக எடுத்துவைத்து, தேவைப்படும்போது நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மேல்.

இருந்தாலும் திட்டத்தை ஒரேயடியாக விட்டுவிட மனம் வரவில்லை. அம்மா பகலில் பெரும்பாலும் வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே எண்ணுக்கு அழைத்தால் அடையாள அட்டையோடு ஒருவர் வருவார் என்பது அவருக்குப் பெரிய தைரியம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆகவே, டேங்கை உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். இரண்டாவது தடவை கேஸ் ஏற்றியதற்கு வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்து, கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். புதுப்பிக்க வேண்டுமானால், எந்தெந்த உதிரிபாகம் திட்டத்தில் சேரும், எதற்குக் கூலி மட்டும் சேரும், ஒரு பழுதுக்கு உச்சவரம்பு உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். "ஏற்கெனவே இருந்த பழுது" என்று பிறகு தள்ளிவிடாமல் இருக்க, திட்டம் தொடங்கும்போதே ஒவ்வொரு சாதனத்தின் நிலையையும் படத்தோடு பதிவு செய்து எனக்கு ஒரு பிரதி கொடுங்கள். ஹீட்டர் சர்வீஸ் என்றால் கழற்றிய கம்பியை எங்களிடம் காட்டிய பிறகுதான் சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும்.

சர்வீஸ் சீட்டு, இரண்டு பில்கள், கம்பி மற்றும் டேங்கின் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை என் கணக்கிலிருந்து புதுப்பிப்புத் தொகையைத் தானாகப் பிடிப்பதை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
திட்டத்தின் வாடிக்கையாளர்