நல்ல பாட்டை ஜாஸ் கெடுக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

புகழ்பெற்ற பாட்டை, மெட்டை வாசிக்கும்போதே கற்பனையாக விரித்துக்கொண்டு போகும் ஜாஸ் இசைக் கலைஞர்கள் எடுத்து வாசித்தாலே, 'நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்' என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஜாஸ் வளர்ந்ததே பெருமளவு இப்படித்தான்.

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1960இல் பதிவுசெய்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' கேளுங்கள். 1959இல் மேடையேறிய 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தில் வரும் எளிமையான பாட்டு அது, அதை அவர் சோப்ரானோ சாக்ஸபோனில் 13 நிமிடத்துக்கு மேல் கொண்டுபோகிறார். முதலில் மெட்டு நமக்குத் தெரிந்த மாதிரியே வருகிறது. அப்புறம் மெக்காய் டைனர் பியானோவில் ஒன்றிரண்டு கார்டுகளையே (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) திரும்பத் திரும்ப வாசிக்க, அதன்மேல் சாக்ஸபோன் எங்கெங்கோ சுற்றிவிட்டு, நாம் மெட்டை மறந்தேவிட்ட நேரத்தில் சட்டென்று அதைப் பிடிக்கிறது பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு எப்போதும் உடம்பு சிலிர்க்கும். பாட்டைப் பிடிக்காத ஒருவரால் இப்படி வாசிக்க முடியுமா?

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1985இல் பாப் பாடகி சிண்டி லாப்பரின் பாட்டை வாசித்தார். ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹேன்காக் 1996இல் நிர்வாணா என்ற ராக் குழு, பாப் பாடகர் பிரின்ஸ் ஆகியோரின் பாட்டுகளை எடுத்து ஓர் ஆல்பமே போட்டார்.

சரி, எல்லாமே உசத்தி என்று சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்து, பிரஷ்ஷால் டிரம்ஸைத் தடவிவிட்டு ஜாஸ் என்று விற்கிறவையும் ஏராளம். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் இசைப் பக்கத்தில் மூலப் பாட்டையும் ஜாஸ் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கும் தொடர் ஒன்றைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்