டிராம்போனும் கையின் நீளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழாயை நீட்டிச் சுருக்கி வாசிக்கும் பித்தளை ஊதுகருவியான டிராம்போனின் அபூர்வ வகைகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த படத்தொகுப்பைக் கண்டேன். படங்கள் அருமை. ஆனால் எல்லாவற்றையும் 'விசித்திரக் கருவிகள்' என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிட்டதால், அவை ஏன் அப்படிச் செய்யப்பட்டன என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது.

டிராம்போனின் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் U வடிவக் குழாயை, ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளினால், காற்று போய்த் திரும்பும் வழி இரண்டு சென்டிமீட்டர் கூடுகிறது. சுருதி அரைச் சுரம் இறங்க, குழாயின் மொத்த நீளம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடியாக வேண்டும். ஆகவே கருவி பெரிதாகப் பெரிதாக அரைச் சுரத்துக்கு ஒன்றாக ஸ்லைடை நிறுத்தும் ஏழு நிலைகளுக்கு இடையிலான தூரமும் பெருகும். வாசிப்பவரின் கை மட்டும் வளராது. சுமார் 2.7 மீட்டர் குழாய் கொண்ட வழக்கமான டெனார் டிராம்போனிலேயே கடைசியான ஏழாம் நிலையை எட்டக் கையை முழுக்க நீட்ட வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புழங்கிய, டெனாரைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் ஜி பாஸ் டிராம்போனில் இருக்கும் பிடியை அலங்காரம் என்று படக்குறிப்பு சொல்கிறது. உண்மையில் அது ஸ்லைடின் குறுக்குக் கம்பியோடு இணைந்து அசையும் கைப்பிடி. கடைசி நிலைகள் கைக்கு எட்டாதவை என்பதால், அந்தப் பிடியைப் பற்றித்தான் ஸ்லைடை அவ்வளவு தூரம் தள்ளினார்கள்.

டெனாருக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் கான்ட்ராபாஸில் வேறு வழி கண்டார்கள். இரட்டை ஸ்லைடு பொருத்தி, காற்றை இருமுறை போய்வர வைத்தால், ஒரு சென்டிமீட்டர் அசைவுக்கு நான்கு சென்டிமீட்டர் கிடைக்கிறது. டெனார் வாசிப்பவருக்குப் பழகிய தூரங்களே இதற்கும் போதும்.

சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் ஸ்லைடையே கைவிட்டார். மூன்று வால்வுகள் (அழுத்தினால் கூடுதல் குழாயை இணைக்கும் விசைகள்) கொண்ட கருவிகளில் அவற்றைச் சேர்த்து அழுத்தும்போது குழாயின் நீளம் போதாமல் சுருதி சற்று ஏறிவிடும். அதைத் தவிர்க்கவே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அழுத்தும்படி ஆறு பிஸ்டன் வால்வுகளை அவர் அமைத்தார். பின்னர் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி விரிவாய் (ஒலி வெளிவரும் அகன்ற வாய்) வைத்து, ஏழு வாய்களோடு அவர் செய்த கருவி பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுருதிக்காக இவ்வளவு பித்தளையைத் தூக்கிச் சுமக்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

வண்ணம் தீட்டிய டிராகன் தலையோடு பிரெஞ்சு இராணுவ வாத்தியக் குழுக்களில் வலம்வந்த புக்சின் என்ற டிராம்போன் மட்டுமே பெரும்பாலும் கண்ணுக்கு விருந்தாகச் செய்யப்பட்டது. அதைத் தாங்கள் தாராளமாக விசித்திரம் எனலாம்.

ஜி பாஸ் கைப்பிடி பற்றிய படக்குறிப்பையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய டிராம்போன் வாசிப்பாளர் ஒருவர்