என் தம்பியைக் கரை சேர்த்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கும், கோயம்புத்தூரில் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும் வணக்கம்.

கல்யாணச் சமையலில் கேஸ் டியூப் கசிந்து தீப்பிடித்தபோது என் தம்பி சட்டையில்லாமல் அடுப்படியில் நின்றிருந்தான். இரண்டு கையும் மார்பும் வயிறும் வெந்துவிட்டன. இடுப்பில் சுற்றியிருந்த தடித்த துண்டு அதற்குக் கீழே தீயை இறங்கவிடவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறான். தன் கையாலேயே சோறு பிசைந்து சாப்பிடுகிறான்.

முதல் நன்றி பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு. ஒருவர் மாவைக் கொட்டச் சொன்னார், இன்னொருவர் பேஸ்ட் தேடினார். அவர்களை அதட்டி விலக்கிவிட்டு, மோட்டார் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றினீர்கள். கைக்குத் தண்ணீர் அள்ளித் தந்த குட்டிப் பையனையும் மறக்கவில்லை அக்கா.

அடுப்படியில் என் தம்பிக்கு எடுபிடி வேலை செய்த பையா, உனக்கும்தான். “தீப்பிடிச்சது எத்தனை மணிக்கு?” என்று டாக்டர் கேட்டதும் நாங்கள் விழித்தோம், நீ பளிச்சென்று சொன்னாய். அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்று அப்புறம்தான் புரிந்தது. ஒரு கைக்கு 9, மறு கைக்கு 9, மார்புக்கும் வயிற்றுக்கும் 18, ஆக உடம்புத் தோலில் 36 சதவீதம் வெந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 60 கிலோ உடம்புக்கு முதல் 24 மணி நேரத்தில் சுமார் 8.6 லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை நரம்பு வழியே ஏற்ற வேண்டும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அல்ல, தீப்பட்ட நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறதாம்.

ஆனால் எந்த வழியாக ஏற்றுவது? கைகள் உப்பிக் கிடந்தன, கழுத்தும் வீங்கிக்கொண்டு வந்தது, பாதத்தில் நரம்பு சுருங்கி ஊசிக்கு அகப்படவில்லை. அப்போதுதான் இரவுப் பணியில் இருந்த அந்த இளம் டாக்டர் தொடையிடுக்கில் குழாய் போட முடிவெடுத்தார். “அந்த இடத்திலயா?” என்று அம்மா பதறிப்போனார். டாக்டர் கோபப்படவில்லை. “அங்கே தோல் நல்லா இருக்கும்மா, பெரிய ரத்தக்குழாயும் இருக்கு” என்று இரண்டே வரியில் விளக்கிவிட்டு வேலையில் இறங்கினார். துடிப்பை விரலால் தொட்டுப் பார்த்து, அதற்கு உட்புறமாக ஊசி, ஊசி வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய். நூலால் தைத்து நிறுத்தியதும் பாட்டில் மளமளவென்று இறங்கியது. கேரள எல்லை தாண்டிக் கோயம்புத்தூருக்கு ஆம்புலன்ஸ் ஓடிய நேரம் முழுக்க அந்த ஒரு குழாய்தான் அவனுக்கு உயிர் கொடுத்தது. டாக்டர் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

குழாயைப் போடுவது ஒரு வேலை என்றால் அதைக் காப்பது இன்னொரு வேலை. தீக்காயம் பட்ட உடம்பில் கிருமி சுலபமாக நுழையும். தொடையிடுக்கோ மலம், சிறுநீர் படக்கூடிய இடம். ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் பயமும் உண்டு. கோயம்புத்தூர் வார்டு சிஸ்டர்களே, மருந்து செலுத்தும் ஒவ்வொரு தடவையும் குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, காயும் வரை பொறுத்திருந்தீர்கள். அவசரத்தில்கூட அதை விட்டதில்லை. தினமும் அளவுநாடா எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்து, ஒரு கால் மட்டும் பருக்கிறதா என்று பார்த்த மலையாளச் சேச்சியை வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறோம். இடுக்கில் ஈரம் தங்காமல் துடைத்துவிட்ட ஆயா அம்மாவுக்குக் கும்பிடு. பலர் கண்ணில் படாத வேலை அது, நான் கண்ணால் பார்த்தேன்.

பாதத்தில் நரம்பு தெரிந்ததுமே அங்கே சாதாரண ஊசி போட்டு, தொடைக் குழாயை எடுத்துவிட்டார்கள். தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வைக்கவில்லை. அந்த இடத்தில் சீழ் இல்லை, காலில் வீக்கம் இல்லை. அப்புறம் மற்றத் தொடையிலிருந்துதான் தோல் எடுத்து ஒட்டினார்கள். அறுவை அரங்கில் நின்ற எல்லோருக்கும், வலியில் அவன் கத்தியபோதும் விரல்களை மடக்கி நீட்டப் பழக்கிய பிசியோதெரபி அண்ணனுக்கும் நன்றி.

கல்யாண வீட்டார் மறுவீட்டுச் சடங்கு முடிந்த கையோடு பார்க்க வந்தீர்கள். சக சமையல்காரர்கள் அவன் ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்களை எல்லாம் சமைத்துக் கொடுத்து, கூலியை வீட்டில் கொண்டுவந்து தந்தீர்கள். கை தேறியதும் உங்கள் பந்திகளில் வேலை செய்து அந்தக் கடனைத் தீர்க்கிறேன் என்று அவனே எழுதச் சொன்னான்.