மேரு மலையப் பாக்க அனுப்பி வச்சவங்களுக்கு

மூணாறு எஸ்டேட்ல எங்க லயத்து (தொழிலாளிங்க வரிசை வீடு) ஆளுங்க எல்லாருக்கும், எங்க ஜியாலஜி மேடத்துக்கும், இந்தோனேசியாவுல ஜாவா தீவுல எரிமல பாக்க எங்கள ஏத்திட்டுப் போன ஜீப் அண்ணனுக்கும் சேத்து ஒரே நன்றியா எழுதறேன்.

மொதல்ல அம்மாங்களுக்கு. சீட்டுப் பணத்த எனக்காக முன்னாடியே எடுத்துக் குடுத்தீங்க, ஏன் எதுக்குனு ஒரு வார்த்த கேக்கல.

விடியக்காலம் மூணு மணிக்கு ஜீப் ஏறி பெனாஞ்சாக்கன்ங்கற மலை மேல போய் நின்னோம், 2,770 மீட்டர், நம்ம ஆனமுடியே 2,695 தான், கை வெறச்சுப் போச்சு. கீழ் வீட்டு அக்கா கொழுந்தெடுக்கப் போட்டுட்டுப் போற ஸ்வெட்டர் இல்லனா நோட்ல ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். வெளுத்ததும் முன்னாடி புரோமோ எரிமல புகைஞ்சுட்டு இருக்கு, அதுக்குப் பின்னாடி தூரத்துல செமேரு, 3,676 மீட்டர், ஜாவாலயே உசந்த மலை, மேருங்கற பேர்தான் அப்படி ஆயிருக்கு. பாத்துட்டே இருக்கும்போது உச்சியில காலிபிளவர் மாதிரி சாம்பல் பொங்கி வந்துச்சு, எங்களுக்கு ஒரு சத்தமும் கேக்கல. ஒன்றரை மணி நேரத்துல நாலு தடவ. எரிமல வாய்ல பாறைக் குழம்பு இறுகி மூடி மாதிரி அடைச்சுக்குது, உள்ள கேஸ் சேந்து சேந்து அத ஒடச்சுட்டு வருதுனு மேடம் அந்தக் குளிர்லயும் நின்னு வெளக்குனாங்க, நம்ம மூணாறு கிரானைட்டும் இப்படி ஒரு குழம்புதான், வெளிய வராம பூமிக்குள்ளயே மெதுவா ஆறுனதுனாலதான் கல்லுல மணி மணியா பெருசா இருக்குனு சொன்னப்ப லயத்துக்குப் பின்னாடி நம்ம துணி தொவைக்கற பாறதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

ஜீப் அண்ணன் எறங்கும்போது செமேரு 2021 டிசம்பர் 4 வெடிச்சதப் பத்தி சொன்னார். உச்சியில இருந்த லாவா மேடு சரிஞ்சு, கொதிக்கற சாம்பலும் வாயுவும் ஊருக்குள்ள பாஞ்சு 50 பேருக்கு மேல செத்துப் போயிட்டாங்க. நான் ஃபோன்ல நம்ம மூணாறு பக்கம் மலை சரிஞ்ச பெட்டிமுடி மேப்ப காட்டி, 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மழை, மண்ணு, லயம், 70 பேருனு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். அவர் வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு நெஞ்சுல கை வச்சு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அண்ணே, அதுக்கு உங்களுக்குத் தனியா நன்றி. மலை எப்போ சரியும்னு படிக்கத்தான் நான் இந்த படிப்புக்கே வந்தேன்.

அக்கா, ஸ்வெட்டர தொவைக்காமலே கொண்டாந்திருக்கேன், கோச்சுக்காதீங்க. கை மடிப்புல எரிமல மணல் கறுப்பா ஒட்டிருக்கு, ஞாயித்துக்கெழம லயத்துப் பிள்ளைங்களுக்கு லென்ஸ் வச்சு காட்டிட்டு தொவச்சுத் தர்றேன்.