இசை கேட்போர் வட்டம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் வழமையான விடயங்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை வாசிகசாலை மண்டபத்தில் கூடுவது என்ற ஒழுங்கு இந்த ஆண்டும் பெரும்பாலும் தவறவில்லை. நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறிய பிறகு 25 நாட்களும் எவரையும் வேறு திசைக்குக் கூப்பிட முடியாது, ஆகவே அந்த மாதக் கூட்டத்தை விட்டுவிட்டோம். கார்த்திகை மழையில் இன்னொன்று நின்றது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சித்திரையில் எங்கள் மூத்த உறுப்பினரான மிருதங்க ஆசிரியரை இழந்தோம். இந்த வட்டம் தொடங்கிய நாளிலிருந்து முன்வரிசைப் பாயில் இடப்பக்கம் இருந்து தாளம் போட்டவர். அவர் எண்ணுவதைப் பார்த்துத்தான் எங்களில் பலர் தாளம் பழகினோம். அவருடைய குடும்பத்தாருக்கு வட்டத்தின் அனுதாபத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

இனி, ஆனி மாதக் கூட்டம். இந்த அறிக்கையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது அதைப் பற்றித்தான்.

2025 மார்ச் 8ஆம் திகதி இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிய செய்திக்குப் பிறகு, "சிம்பொனி என்றால் என்ன, எங்களுக்கும் ஒன்று முழுசாகப் போட்டுக் காட்டுங்கோ" என்று இளம் உறுப்பினர்கள் கேட்டபடி இருந்தார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியைத் தெரிவு செய்தோம். சிம்பொனி என்பது பெரிய வாத்தியக் குழுவுக்கென்று எழுதும் நீண்ட இசை. இதில் நான்கு பகுதிகள், முக்கால் மணித்தியாலம். ஐரோப்பிய வாத்தியக் குழு ஒன்று வாசித்த ஒளிப்பதிவைத் திரையில் காட்டினோம். கதிரைகள் போதாமல் பின்னால் பாய் விரிக்க வேண்டி வந்தது.

தொடக்கமே சோதனையாக இருந்தது. இந்த இசை அடித்தொண்டையில் முனகுவது போல, பசூன் என்ற குழல் தாழ்ந்த சுரங்களில் வாசிக்கத் தொடங்கும். மண்டபத்து மின்விசிறிச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. பிறகு முதற்பகுதியின் நடுவில் ஓரிடம் வரும். சத்தத்தைக் குறைத்து வாசி என்று சொல்லும் எழுத்தை அங்கே சைக்கோவ்ஸ்கி ஆறு தடவை எழுதியிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக இருந்த தம்பி சத்தத்தைக் கூட்டிவிட்டார். அடுத்த கணமே வாத்தியக் குழு முழுவதும் இடி போல எழுந்தது. பிள்ளைகள் அழுதார்கள், வெளியே நின்றவர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தம்பியை ஒருவரும் குறை சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தை முன்கூட்டியே சொல்லி வைக்காதது என் பிழை.

இரண்டாம் பகுதி வந்ததும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அது வால்ட்ஸ் நடனம் போல ஒயிலாகப் போகும். ஆனால் வால்ட்ஸுக்கு எண்ணிக்கை மூன்று, இதற்கு ஐந்து. காலமான ஆசிரியரின் மாணவர் ஒருவர் சில வினாடிகளுக்குள் "தக தகிட, தக தகிட" என்று தொடையில் தட்டத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேலைநாட்டுக் காதுகளுக்குப் புதுமையாக இருந்த எண்ணிக்கை, எங்கள் ஆட்களுக்குக் கண்டசாபு என்ற ஐந்தெண்ணிக்கைத் தாளமாகக் கைக்கு வந்துவிட்டது. ஆசிரியர் இருந்திருந்தால் எப்படி ரசித்திருப்பார் என்று அன்று எல்லோருமே நினைத்தோம்.

மூன்றாம் பகுதி படை நடை போல ஏறி ஏறிப் போய்ப் பெரு முழக்கத்தில் நிற்கும். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். இன்னும் ஒரு பகுதி இருக்கிறது என்று தெரிந்த நான், எழுந்து கையைக் காட்டி அடக்கினேன். பலருக்கு முகம் வாடிவிட்டது. அப்படிச் செய்திருக்கக் கூடாது. உலகம் முழுவதும் சபைகள் இந்த இடத்தில் கைதட்டித்தான் வந்திருக்கின்றன. முடிவு போலவே எழுதப்பட்ட முழக்கம் அது. கச்சேரியில் மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் கைதட்டாமல் யார் இருக்கிறார்கள்? அன்று நான் அடக்கியவர்களிடம் இந்த அறிக்கை மூலம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நான்காம் பகுதி அழுகை. அதன் தொடக்கத்தில் முதல் வயலின்காரர் ஒரு சுரம், இரண்டாம் வயலின்காரர் அடுத்த சுரம் என்று மாறி மாறி வாசிக்கிறார்கள். அங்கே நாங்கள் கேட்கும் மெட்டை அவர்களில் ஒருவருமே முழுதாக வாசிப்பதில்லை. இதைப் பிறகு விளக்கியபோது பிள்ளைகள் நம்பவில்லை, திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் விட்டார்கள். கடைசியில் தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் மட்டும் மிஞ்சி, மெல்ல மெல்லத் தேய்ந்து போகின்றன. முடிந்துவிட்டது என்பதே கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. "இதென்ன, மங்களம் இல்லாமல் முடிச்சுப்போட்டாங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் காலத்துச் சிம்பொனிகள் பெரும்பாலும் வேகமாகவும் உரத்தும்தான் முடியும், சைக்கோவ்ஸ்கி அதைத் தலைகீழாக்கினார். 1893 ஒக்டோபர் 28இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் அவரே நெறிப்படுத்தி இதை முதன்முதல் அரங்கேற்றியபோது, அங்கிருந்தவர்களும் சற்றுக் குழம்பித்தான் போனார்கள். ஒன்பது நாட்களில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கு அதே இசை வேறாகக் கேட்டது.

இதை நான் சொல்லி முடித்த பிறகு, ஆசிரியரின் மனைவி பேசினார். ஆசிரியருக்கான அந்தியேட்டிக் கிரியை முடிந்து அவர் வந்த முதல் கூட்டம் அது. "தம்பி, மங்களம் ஏன்? அந்தியேட்டி முடிஞ்சு, பந்தலும் பிரிச்சு, சனமெல்லாம் போனாப் பிறகு வீடு இப்பிடித்தான் கிடக்கும்" என்றார். பிறகு ஒருவரும் விமர்சனம் சொல்ல எழவில்லை. தேநீரும் றோல்ஸும் ஆறிப்போயின.

மற்றக் கூட்டங்களின் விபரம் குறிப்பேட்டில் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம். நாதஸ்வர, தவில் இசைத்தட்டுக் கூட்டம் நன்றாக நடந்தது. பழைய ஒலிநாடாக்களை எண்ணிமப் பதிவாக மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது, நாடாக் கருவி திருத்த ஆள் வேண்டும்.

ஆசிரியரின் மனைவி அந்த நான்காம் பகுதியை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டின் முதல் கூட்டத்தில் சிம்பொனி முழுவதையும் மீண்டும் போடுவோம். அன்று மின்விசிறியை நிறுத்துவோம், ஆகவே பகல் வெயில் தணிந்த பிறகு ஆறரைக்குத் தொடங்குவோம். விரும்பிய இடத்தில் கைதட்டலாம்.

செயலாளர்